படம் காட்டும் பெட்டி

தமிழில் 'படம் காட்டாதே' என்பது வசை. இல்லாததை இருப்பதாகக் காண்பித்து ஏமாற்றப் பார்க்கிறாய் என்று பொருள். சினிமாவை இவ்வளவு நேசிக்கிற ஒரு சமூகம் படம் காட்டுகிறவனை மட்டும் எதற்காக ஏமாற்றுக்காரனாக நினைத்தது என்று அவ்வப்போது யோசித்திருக்கிறேன். நடிகர்களுக்குக் கட்அவுட் வைத்தோம். இயக்குநர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினோம். ப்ரொஜெக்டரை ஓட்டிய ஆபரேட்டர் நம் நினைவுக்கு வந்ததோ பிலிம் அறுந்து திரை வெளுத்த கணங்களில் மட்டும். அதுவும் விசிலடித்து ஏசுவதற்காக. இன்று பிலிமும் இல்லை, அறுவதும் இல்லை. அந்த மனிதர் முற்றாக மறைந்துவிட்டார்.

வேளச்சேரியில் வசிக்கும் நண்பர் ஒருவர் தன் வீட்டுக்கான உயர்தெளிவு ப்ரொஜெக்டரைத் தானே செய்து முடித்திருக்கிறார். ப்ளைவுட் பெட்டி, பழைய மடிக்கணினியின் எல்.சி.டி. பேனல், தெருவிளக்குக்குப் பயன்படும் வகையைச் சேர்ந்த ஒரு விளக்கு, மூன்று லென்ஸ்கள், இரண்டு மின்விசிறிகள். மாதக்கணக்கில் வெட்டுவதும் ஒட்டுவதுமாக இருந்தவரை, "என்ன தம்பி, ரிப்பேர் கடை போடப் போறீங்களா?" என்று எதிர்வீட்டு அம்மா விசாரித்திருக்கிறார். மற்றவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: இதில் எவ்வளவு மிச்சம்?

அந்தக் கேள்வியோடுதான் எனக்குப் பிணக்கு. மிச்சம் எதுவும் இல்லை. இன்றைய சந்தையில் மலிவு விலைக்கே சிறிய ப்ரொஜெக்டர்கள் கிடைக்கின்றன. செலவழித்த ஞாயிற்றுக்கிழமைகளைக் கணக்கில் சேர்த்தால் நண்பருக்குப் பெரும் நஷ்டம். ஆனாலும் அவர் செய்தது செய்யத்தக்க காரியம், இலக்கிய வாசகர்கள் கவனிக்கத்தக்க காரியமும்கூட என்று நினைக்கிறேன். அதற்கான காரணம் அந்தப் பெட்டி வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது.

நம்மில் பலர் சிறுவயதில் ஒரு ப்ரொஜெக்டர் செய்திருப்போம். ஃபியூஸ் போன குண்டு பல்பின் உட்பகுதியைப் பக்குவமாக அகற்றித் தண்ணீர் நிரப்பினால் அது லென்ஸ். வாசலில் ஒருவன் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வெயிலை அறைக்குள் திருப்புவான். தியேட்டர் வாசலில் பொறுக்கிய பிலிம் துண்டை பல்புக்கு முன்னால் தலைகீழாகப் பிடித்தால், அப்பாவின் வேட்டியில் கலங்கலாக ஒரு முகம் நிமிர்ந்து தெரியும். நண்பரின் பெட்டிக்கும் இதற்கும் தத்துவத்தில் வேறுபாடு கிடையாது. வெயிலின் இடத்தில் 400 வாட் மெட்டல் ஹாலைட் விளக்கு. பிலிமின் இடத்தில், பின்விளக்கு அகற்றப்பட்ட 15.4 அங்குல எல்.சி.டி. பேனல். குறுக்கே 1920, நெடுக்கே 1200 புள்ளிகள் கொண்ட பேனல் அது. உயர்தெளிவுக்குத் தேவையான 1920க்கு 1080 அதற்குள் அடங்கிவிடும். தண்ணீர் பல்பின் இடத்தில் 320 மில்லிமீட்டர் குவியத்தூரம் உடைய மும்மடி லென்ஸ்.

விளக்குக்கும் பேனலுக்கும் நடுவே ஒன்றும், பேனலுக்கு முன்னால் ஒன்றுமாக இரண்டு ஃப்ரெனல் லென்ஸ்கள் உண்டு. முன்பு கல்லூரி வகுப்பறைகளில் கண்ணாடித் தாளில் எழுதிச் சுவரில் காட்டிய ஓவர்ஹெட் ப்ரொஜெக்டரின் மேல்தட்டுக்கு அடியில் இருந்த, வளைய வளையமாகக் கோடு விழுந்த பிளாஸ்டிக் தகடு இதுவே. பிரெஞ்சுப் பொறியாளர் ஃப்ரெனல் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலங்கரை விளக்கங்களுக்காகக் கண்டுபிடித்த யுக்தி. முழு லென்ஸின் பருமனைக் கழித்துவிட்டு வளைவுகளை மட்டும் அடுக்கி வைப்பது. முதல் தகடு சிதறும் ஒளியை நேராக்கிப் பேனலுக்குள் செலுத்துகிறது. இரண்டாவது அதைக் குறுக்கி லென்ஸின் வாய்க்குள் சேர்க்கிறது.

ரிட்சி தெருவில் இவற்றில் பலவற்றைத் தேடிப் பிடிக்கலாம். சிந்தாதிரிப்பேட்டையில் பறக்கும் ரயில் ஏறினால் வேளச்சேரி வரை ஒரே வண்டி. பேனலை மடியில் வைத்துக் கொண்டுவந்த பயணத்தைப் பற்றி நண்பர் ஒரு சிறுகதையே எழுதலாம். "நல்லா வேலை செய்யுற பேனலை எதுக்கு சார் பிரிக்கிறீங்க?" என்று கடைக்காரர் வருத்தப்பட்டாராம்.

இனி வருவது ஒளியின் கணக்கு. அத்தகைய விளக்கு 30,000 லூமெனுக்கு மேல் ஒளி உமிழக்கூடியது. அதில் ஒரு சிறு பங்கையே லென்ஸ்கள் திரட்ட முடியும். அதன் பிறகு பேனல் தன் பங்கைத் தின்னும். எல்.சி.டி.யின் துருவமுனைப்பான் ஒளியில் பாதியை விழுங்கிவிடுகிறது. சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் எஞ்சியதில் மூன்றில் இரண்டு பங்கை விழுங்குகின்றன. மீதத்திலும் ஒரு பகுதியைப் பேனலுக்குள் ஓடும் நுண்கம்பிகள் மறைக்கின்றன. கடைசியில் திரைக்கு வந்து சேர்வது 300 லூமென் அளவில்தான். விழுங்கப்பட்டதெல்லாம் வெப்பமாகிறது. மின்விசிறி நின்றால் பேனல் சூடேறிப் படம் கறுத்துப்போகும். படம் என்பது தடுக்கப்பட்ட ஒளி என்ற உண்மையை அந்தப் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தால் தோலே உணர்ந்துகொள்ளும்.

300 லூமென் என்றால் கடைக்காரர் சிரிப்பார். ஆனால் 100 அங்குலப் படத்தின் பரப்பு ஏறத்தாழ 2.9 சதுர மீட்டர். அதில் 300 லூமெனைப் பரப்பினால் கிடைக்கும் பிரகாசம், டிஜிட்டல் திரையரங்குகளுக்கு வகுக்கப்பட்ட அளவில் (சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா) மூன்றில் இரண்டு பங்குக்கு வந்துவிடுகிறது. படம் பார்க்க இது தாராளம். ஒரே நிபந்தனை, அறை இருட்டாக இருக்க வேண்டும். ஜன்னலிடுக்கில் கசியும் தெருவிளக்கு, கைபேசித் திரை, வெள்ளைச் சுவரிலிருந்து எதிரொளித்துத் திரும்பும் படத்தின் ஒளி ஆகிய எல்லாம் கறுப்பைச் சாம்பலாக்கிவிடும். நண்பர் பெட்டிக்குச் செலவிட்ட அக்கறைக்குச் சமமாகக் கறுப்புத் துணிக்கும் செலவிட்டார். பக்கச் சுவர்களிலும் கூரையிலும் துணி ஏறிய பிறகுதான் படத்துக்கு உயிர் வந்தது. 320 மில்லிமீட்டர் லென்ஸுக்குத் திரை 2.4 மீட்டரில், அதாவது எட்டடியில் இருந்தால் போதும். வேளச்சேரி அடுக்ககங்களின் படுக்கையறைக்கு எழுதிவைத்தது போன்ற அளவு.

நான் சொல்ல வந்தது இதுதான். ப்ரொஜெக்டர் செய்கிறவன் முதலில் கற்றுக்கொள்வது இருட்டைச் செய்வதற்கு. விளம்பரங்கள் புள்ளிகளின் எண்ணிக்கையைச் சொல்லும். இருட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாது, ஏனென்றால் அதை விற்க முடியாது. மலிவான ப்ரொஜெக்டர் பெட்டிகளின் மேல் '4கே ஆதரவு' என்று அச்சிட்டிருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். 4கே சமிக்ஞையை உள்வாங்கும் என்பதே அதன் பொருள். உள்ளேயிருக்கும் பேனல் பெரும்பாலும் 1280க்கு 720 ஆகவோ 1920க்கு 1080 ஆகவோ இருக்கும். திருகைக் கழற்றிப் பார்த்தால் இன்னொரு வேடிக்கை. எல்.இ.டி., ஃப்ரெனல் தகடு, ஒற்றை எல்.சி.டி. பேனல், மறுபடியும் ஃப்ரெனல், லென்ஸ் என்று நண்பரின் ப்ளைவுட் பெட்டியைச் சுருக்கிப் பிளாஸ்டிக்கில் அடைத்திருப்பார்கள். தானே செய்தவனுக்கு அந்த அச்செழுத்து ஒரு விடுகதையாகாது. 'படம் காட்டுவது' எது, படத்தைக் காட்டுவது எது என்று அவனுக்குத் தெரியும்.

இதற்கு முன்னோடி நம்மிடமே உண்டு. திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து ப்ரொஜெக்டரையும் படச்சுருள்களையும் வாங்கி, கூடாரத்தோடு ஊர் ஊராகக் கிளம்பினார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தரத் திரையரங்கைக் கட்டினார். தமிழில் ஒரு கதைப்படம்கூட எடுக்கப்படுவதற்கு முன்பே காட்டுகிறவர் வந்துவிட்டார் என்பது கவனிக்க வேண்டிய விஷயம். நம் சினிமாவின் முதல் கலைஞன் காட்டுகிறவன்தான். மராட்டியத்தின் திருவிழாக்களில் படம் காட்டித் திரியும் கூடார சினிமாக்களைப் பற்றி ஷர்லி ஆபிரஹாமும் அமித் மாதேஷியாவும் எடுத்த 'தி சினிமா டிராவலர்ஸ்' என்ற ஆவணப்படம் 2016இல் கான் விழாவில் சிறப்புக் கவனம் பெற்றது. அதில் பிரகாஷ் என்ற ப்ரொஜெக்டர் மெக்கானிக் வருகிறார். தன் கையாலேயே ஒரு ப்ரொஜெக்டரை வடிவமைத்துச் செய்தவர். பிலிமின் காலம் முடிந்துபோனதால் அவருடைய இயந்திரத்துக்கு உலகில் இடமில்லாமல் போயிற்று. அதைப் பற்றி அவர் பேசும்போது தெரிகிற பெருமிதம் நஷ்டக் கணக்கில் அடங்குவதில்லை.

சிற்றிதழ் வாசகர்களுக்கு இந்த மனநிலை அந்நியமானதல்ல. 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா பின்னாளில் புத்தகங்களைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போய் விற்றார். கடைகளில் கிடைக்கும் பத்திரிகைகளே போதுமே, எதற்கு இந்தப் பாடு என்று அவரிடமும் கேட்டிருப்பார்கள். எதை வாசிப்பது என்ற தேர்வைச் சந்தையிடம் ஒப்படைக்க மறுத்தவர் அச்சு, தாள், தபால் எல்லாவற்றையும் தன் தோளில் ஏற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது என்ற தேர்விலும் அதே விலை உண்டு.

மறுப்புகளையும் பார்த்துவிடலாம். வேளச்சேரியில் மல்டிபிளெக்ஸ் இருக்கிறது, கைபேசியில் உலக சினிமா இருக்கிறது, பிறகென்ன என்பார்கள். மல்டிபிளெக்ஸில் இந்த வாரம் ஓடுவது மட்டுமே கிடைக்கும். கைபேசியில் எல்லாம் இருக்கலாம், ஆனால் முகங்கள் இருக்காது. அரவிந்தனின் 'தம்பு' (1978) பாரதப்புழைக் கரையில் ஒரு கிராமத்துக்கு சர்க்கஸ் வருவதைப் பற்றிய படம். சர்க்கஸைப் பார்க்கும் நிஜ கிராமத்தவர்களின் முகங்களைக் கேமரா அங்கேயே பதிவு செய்தது. அந்தக் கூட்டத்தில் வாய்பிளந்து நிற்கும் ஒரு கிழவரை உள்ளங்கையளவு திரையில் யாராலும் சந்திக்க முடியாது. அந்தப் படம் மீட்டெடுக்கப்பட்டு 2022இல் கான் விழாவில் திரையிடப்பட்டது. இன்னொரு பக்கம், 1917-18 அளவில் நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த 'கீசக வதம்' உட்பட நம் ஊமைப்படங்களில் அநேகமாக எதுவும் எஞ்சவில்லை. எஞ்சிய பேசும் படங்களிலும் பலவற்றைக் கீறலும் மங்கலுமான பிரதிகளிலேயே பார்க்கிறோம். உயர்தெளிவுப் பெட்டி அந்தக் கீறல்களையும் உயர்தெளிவாகக் காட்டிவிடும். இது நல்லதென்றே சொல்வேன். நாம் எதைப் பாதுகாக்காமல் விட்டோம் என்பது நூறு அங்குலத்தில் தெரியட்டும்.

ஆபத்து இல்லையா என்பது இரண்டாவது மறுப்பு. இருக்கிறது. மெட்டல் ஹாலைட் விளக்கின் வெளிக்கூடு உடைந்தால் புற ஊதாக் கதிர் கண்ணையும் தோலையும் பதம் பார்க்கும். சோக் உயர் மின்னழுத்தத்தோடு வேலை செய்வது. மின்சாரம் அறிந்த ஒருவர் உடனில்லாமல் இதில் இறங்கக் கூடாது. சிறிய பேனலும் எல்.இ.டி.யும் கொண்டு, குறைந்த ஒளியோடும் குறைந்த வெப்பத்தோடும் செய்கிறவர்களும் உண்டு. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அதுவே ஏற்றது.

மூன்றாவது மறுப்புதான் எனக்குக் கனமானது. 'ஹோம் தியேட்டர்' என்ற சொல்லே வீட்டுக்குள் கதவடைத்துக்கொள்வதைக் குறிக்கிறது. ஒரு வேலையாள் ஆறு ரூபாயோ அறுபது ரூபாயோ கொடுத்து முதலாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்த ஒரே பொது இடத்தை நாம் ஏற்கெனவே பெருமளவு இழந்துவிட்டோம். கறுப்புத் துணி போர்த்திய படுக்கையறை அந்த இழப்பை முழுமையாக்குவது ஆகாதா? கடையில் வாங்கிய பெட்டியானால் ஆகும் என்றே நினைக்கிறேன். அது கேள்வி கேட்காமல் ஒளிர்கிறது, ஒருவனுக்காகவே ஒளிர்கிறது. செய்த பெட்டி தனிமையைத் தாங்காது. செய்தவனுக்குக் காட்டியாக வேண்டும். நண்பரின் அறையில் சனிக்கிழமைகளில் பத்துப்பேர் சேர்கிறார்கள், எதிர்வீட்டு அம்மா உட்பட. மின்வெட்டு வந்தால் சூடான மெட்டல் ஹாலைட் விளக்கு உடனே மறுபடி எரியாது. ஆறுவதற்குச் சில நிமிடங்கள் வேண்டும். அந்த இருட்டில் படத்தைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடுகிறது. எந்தத் திரைப்படச் சங்கமும் திட்டமிட்டு உருவாக்க முடியாத இடைவேளை அது.

ஆகவே, செய்ய முடிந்தவர்கள் செய்யுங்கள். முடியாதவர்கள் வாங்கிய பெட்டியையாவது செய்தவனின் மனதோடு பயன்படுத்துங்கள்: அறையை இருட்டாக்குங்கள், படத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள், கதவைத் திறந்து வையுங்கள். பார்ப்பவர்களால் நிறைந்த ஊர் இது. இங்கே பற்றாக்குறை காட்டுகிறவர்களுக்குத்தான்.