படிவம் நிரப்பினால் போதுமா?

புது தில்லி: மருந்துப் பரிசோதனைக்கு உள்படும் நோயாளியிடம் பெரும்பாலும் அதிக நேரம் பேசுபவர் ஆய்வு ஒருங்கிணைப்பாளர்தான். ஒப்புதல் பெறுவதில் உதவுவது, பக்கவிளைவுகளைக் கேட்டுப் பதிவு செய்வது எல்லாம் அவர் பணி. நெறிமுறைக் குழு உறுப்பினர்களுக்குப் பயிற்சியை வலியுறுத்தும் 2019-ஆம் ஆண்டு விதிகள், ஒருங்கிணைப்பாளரின் கல்வித் தகுதியை வரையறுக்கவில்லை. சில மணி நேர இணையவழிப் பயிற்சியிலேயே சான்றிதழ் கிடைத்துவிடுகிறது.

இந்த அலட்சியத்தின் விலையை நாடாளுமன்றம் அறியும். ஒருங்கிணைந்த ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் 2009-இல் மாணவிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடப்பட்டது. ஆராயப்பட்ட 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763-இல் விடுதிக் காப்பாளர்களே கையெழுத்திட்டிருந்ததை, 2013 ஆகஸ்டில் தாக்கலான நிலைக்குழு அறிக்கை அம்பலப்படுத்தியது. படிவங்கள் நிறைந்தன, பெற்றோரின் ஒப்புதல்தான் இல்லை.

நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும், எழுதப் படிக்கத் தெரியாதவர் எனில் நடுநிலைச் சாட்சி வேண்டும் என்கின்றன விதிகள். தெலுங்கும் தமிழும் கலந்து ஒலிக்கும் சித்தூர், திருப்பதி வட்டார மருத்துவமனைகளில் ஆங்கிலப் படிவத்தை மட்டும் படித்தறிந்தவரால் இதை எப்படி நிறைவேற்ற முடியும்?

தகுதி நிர்ணயித்தால் ஆய்வுகள் தாமதமாகும் என்பது ஏற்கத்தக்க வாதமல்ல. செவிலியம், மருந்தியல் அல்லது உயிர் அறிவியல் பட்டம், மருத்துவமனையில் நேரடிப் பயிற்சி, வட்டார மொழியில் விளக்கும் திறனுக்கான தேர்வு ஆகிய மூன்றையும் மத்திய சுகாதார அமைச்சகம் கட்டாயமாக்க வேண்டும். இன்னொரு நிலைக்குழு அறிக்கை வரும்வரை காத்திருக்கக் கூடாது.