தலைமையாசிரியர் கையெழுத்து போதாது, தம்பி



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். நம் கொல்லிமலைப் பிள்ளைகளின் ரத்தசோகை பற்றி ஆய்வு செய்ய நிதி கேட்டு விண்ணப்பம் போடுகிறாராம். கேட்கப் பெருமையாக இருந்தது. "எத்திக்ஸ் பகுதி மட்டும்தான் சார் பாக்கி. உண்டு உறைவிடப் பள்ளி ஹெச்.எம்.கிட்ட ஒரு சம்மதக் கடிதம் வாங்கிக் கொடுத்தீங்கன்னா முடிஞ்சிரும்" என்றார்.

முடிஞ்சிரும் என்றதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் மேல் இல்லை, அப்படிச் சொல்லிக்கொடுத்தவர்கள் மேல்.

2009-ல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் 10 முதல் 14 வயதுப் பெண்பிள்ளைகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டு ஓர் ஆய்வு நடந்தது. நடத்தியது பாத் என்ற அமெரிக்க நிறுவனம், பணம் கேட்ஸ் அறக்கட்டளையுடையது. பழங்குடி விடுதிப் பிள்ளைகள் பலர் அதில் இருந்தார்கள். 2010 ஏப்ரலில் அரசு அதை நிறுத்தியது. பிறகு எடுத்துப் பார்த்த 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763-ல் கையெழுத்துப் போட்டவர்கள் விடுதிக் காப்பாளர்கள்! 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. (தடுப்பூசியை நான் குறை சொல்லவில்லை. தயவுசெய்து அப்படிப் பரப்பாதீர்கள்.)

அந்தக் காப்பாளர்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. பல வருடங்களுக்கு முன் எங்கள் பள்ளிக்கும் ஒரு குழு ரத்தம் எடுக்க வந்தது. யார் என்று சொல்ல வேண்டாம். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியவன் நான்தான். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "ரத்தத்த எங்க சார் கொண்டு போறாங்க?" என்று கேட்டாள். "பேசாம கைய நீட்டு" என்றேன். எங்கே போனது என்று எனக்கே தெரியாது. முடிவும் வரவில்லை, ஒரு இரும்புச்சத்து மாத்திரையும் வரவில்லை.

"பெத்தவங்க எஸ்டேட் வேலைக்குப் போயிருப்பாங்க, எங்க சார் தேடுறது?" என்கிறார் தம்பி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் தேடத்தான் சொல்கிறது. பெற்றோர் சம்மதமும் வேண்டும், 7 வயது முதல் பிள்ளையின் சம்மதமும் வேண்டும். 12-க்கு மேல் அதை எழுத்திலேயே வாங்க வேண்டும். காப்பாளர் சோறு போடுகிறவர், நாங்கள் மார்க் போடுகிறவர்கள். எங்கள் முன்னால் எந்தப் பிள்ளை முடியாது என்று சொல்லும்?

அவர் அனுப்பிய பட்ஜெட்டைப் படித்தேன். கருவிக்கு, ரசாயனத்துக்கு, கருத்தரங்குப் பயணத்துக்கு எல்லாம் தொகை இருக்கிறது. ஊர் ஊராகப் போய்ப் பெற்றோரிடம் பேச ஒரு ரூபாய் இல்லை. சோதனை முடிவை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சொல்லவும் இல்லை. எத்திக்ஸ் பத்தியில் மட்டும் "உரிய ஒப்புதல் பெறப்படும்" என்று ஒரு வரி. நிதி கொடுக்கிறவர்கள் அந்த வரியை விட்டுவிட்டுப் பட்ஜெட்டைத்தான் பார்க்க வேண்டும். அங்கே தொகை இல்லை என்றால் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

தம்பி, இதைப் படிப்பாய் என்று தெரியும். கடிதம் வாங்கித் தர மாட்டேன். ஊர்ப் பண்டிகைக்கு எல்லோரும் மலைக்குத் திரும்புவார்கள், அப்போது வா. முழங்கால் வலி இருக்கிறது, ஆனாலும் வீடு வீடாக உன்னோடு நானும் வருகிறேன். அந்தப் பெண்ணின் மகள் இப்போது அதே பள்ளியில்தான் படிக்கிறாள். முதலில் அவர்கள் வீட்டுக்குப் போகலாம்.