புழு இல்லாத கத்தரிக்காய் நல்ல கத்தரிக்காயா?

கத்தரிக்காயை நறுக்குகிறோம். உள்ளே ஒரு புழு நெளிகிறது. உடனே முகம் சுளித்து, ‘‘சே! இனிமே அந்தக் கடைப் பக்கமே போகக் கூடாது’’ என்கிறோம். அடுத்த கடையில் போய், ‘‘ஓட்டை இல்லாம, பளபளன்னு இருக்கிறதாப் பார்த்துப் போடுங்க’’ என்கிறோம்.

கடைக்காரர் இதை மண்டியில் சொல்கிறார். மண்டிக்காரர் விவசாயியிடம் சொல்கிறார். ‘சொத்தை இருந்தால் பாதி விலைதான்’ என்றதும், விவசாயி நேரே பூச்சி மருந்துக் கடைக்குப் போகிறார். நம் சமையலறையில் கிளம்பிய அந்த முகச்சுளிப்பு கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது தெரியுமா? பழவேற்காடு ஏரியில்!

‘என்னங்க இது, மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சா?’ என்று கேட்காதீர்கள். கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

மருந்து ஏன் பலிப்பதில்லை?

கத்தரியைக் கெடுப்பது குருத்து, காய்த் துளைப்பான் என்கிற புழு. தாய் அந்துப்பூச்சி இலையிலும் தளிரிலும் முட்டை இடும். முட்டையிலிருந்து வந்த புழு சில மணி நேரத்திலேயே குருத்துக்குள்ளோ காய்க்குள்ளோ புகுந்துகொள்ளும். நுழைந்த துளையைத் தன் கழிவாலேயே அடைத்தும் விடும். அதன் பிறகு வெளியே எவ்வளவு மருந்து அடித்தால் என்ன? புழு உள்ளே சௌக்கியமாக இருக்கும். மருந்து காயின் மேல் இருக்கும்.

கத்தரிக்காய் நெல்லைப் போல ஒரே நாளில் அறுவடையாவதில்லை. சில நாட்களுக்கு ஒரு பறிப்பு. ஒவ்வொரு மருந்துக்கும், அடித்த பின் இத்தனை நாள் கழித்துத்தான் பறிக்க வேண்டும் என்று காத்திருப்புக் காலம் உண்டு. சிலவற்றுக்கு ஓரிரு நாள், சிலவற்றுக்கு வாரக்கணக்கில். ஆனால் இன்றைக்கு மருந்து, நாளை மறுநாள் பறிப்பு, அதற்கு மறுநாள் நம் வீட்டில் எண்ணெய்க் கத்தரிக்காய் என்றால், காத்திருப்புக் காலம் எங்கே போயிற்று?

இறாலும் பூச்சிக்கு உறவுதான்

ஆரணியாறு ஊத்துக்கோட்டை, பொன்னேரி வழியாக வந்து பழவேற்காட்டில் கலக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டினால், வயல் மண்ணும் அதில் ஒட்டிய மருந்தும் அந்த வழியாகத்தானே இறங்க வேண்டும்?

கடலில் பிறக்கும் இறால் குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்துதான் வளர்கின்றன. இறாலும் பூச்சியும் கணுக்காலி என்ற ஒரே இனம். பூச்சியின் நரம்பைத் தாக்கும் மருந்து இறாலின் நரம்பையும் விட்டுவைக்காது. சைபர்மெத்ரின் போன்ற செயற்கை பைரித்ராய்டு மருந்துகள் மீனுக்கும் இறாலுக்கும் மிகச் சிறிய அளவிலேயே கடும் விஷம்.

பழவேற்காட்டு மீனவர்கள் ‘பாடு’ என்று முறை வைத்து ஏரியில் வலை போடுகிறவர்கள். தன் முறை வருகிற நாளில் வலையில் இறால் இல்லை என்றால், அன்று அந்த வீட்டில் அடுப்பு எரிவது எப்படி? தண்ணீரில் கையால் தடவித் தடவி இறால் பிடிக்கும் பெண்களின் பிழைப்பும் இதில்தான் இருக்கிறது. ஏரிக்குக் கேடு தோட்டங்களால் மட்டும் வருவதில்லை. தொழிற்சாலைகள், அனல்மின் நிலையம் பற்றி மீனவர்கள் பல வருடங்களாக முறையிட்டு வருகிறார்கள். ஆனால் நம்மால் உடனே குறைக்கக் கூடியது இந்த ஒன்றுதான்.

மருந்து இல்லாமல் முடியுமா?

பெருமளவு முடியும். வாடித் தொங்கும் குருத்துகளை வாரம் ஒருமுறை கிள்ளி அழித்தாலே புழுவின் அடுத்த தலைமுறை குறையும். ஏக்கருக்கு ஐந்து இனக்கவர்ச்சிப் பொறி வைத்தால் ஆண் அந்துப்பூச்சிகள் வந்து மாட்டிக்கொள்ளும். 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஊற வைத்து, வடிகட்டி, 100 லிட்டர் தண்ணீர்க் கரைசலாக்கித் தெளிக்கலாம். கத்தரி போட்ட இடத்திலேயே மறுபடி கத்தரி போடக் கூடாது.

பருவத்துக்குப் பருவம் எதிரியும் மாறும். வெயில் காலத்தில் வெள்ளை ஈ பெருகி, வெண்டைக்கு மஞ்சள் நரம்பு தேமல் நோயைக் கொண்டுவரும். மஞ்சள் ஒட்டும் அட்டை தொங்க விட வேண்டும். நோய் கண்ட செடியை ஆரம்பத்திலேயே பிடுங்கிவிட வேண்டும். மழைக் காலத்தில் நாற்று அழுகும். மேட்டுப் பாத்தியும், விதைக்கு டிரைக்கோடெர்மா நேர்த்தியும் நாற்றைக் காக்கும். இதெல்லாம் புதுக் கண்டுபிடிப்பு அல்ல. வேளாண் பல்கலைக்கழகம் பல காலமாகச் சொல்லி வருவதுதான். கத்தரியில் பைரித்ராய்டு அடித்தால் சாறு உறிஞ்சும் பூச்சிகள் முன்னைவிட அதிகமாகும் என்றும் எச்சரிக்கிறார்கள்.

விவசாயியை மட்டும் குறை சொல்லலாமா?

என் கட்சி இதுதான்: கூடாது! மூக்கில் துணிகூடக் கட்டாமல் மருந்து அடித்து, முதலில் பாதிக்கப்படுகிறவர் அவர்தான். மருந்து அடித்தவருக்குத் தலைசுற்றல், வாந்தி, எச்சில் ஒழுகுதல், கண் மங்கல் வந்தால் உடனே உடையை மாற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். மருந்து டப்பாவையும் கையோடு கொண்டு போங்கள்.

காலி டப்பாவைக் கழுவி எண்ணெய் ஊற்றி வைக்கிற பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். 2013-ல் பீகாரின் சரண் மாவட்டத்தில், மோனோகுரோட்டோபாஸ் கலந்த எண்ணெயில் சமைத்த பள்ளி மதிய உணவைச் சாப்பிட்டு 23 குழந்தைகள் இறந்தார்கள். காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்று 2005-லேயே தடை செய்யப்பட்ட மருந்து அது!

வீட்டில் என்ன செய்யலாம்? காயை ஓடும் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். தோல் சீவக் கூடியதைச் சீவுங்கள். மேலே ஒட்டியது ஓரளவு போகும். ஆனால் செடியே உறிஞ்சி உள்ளே ஏற்றிக்கொள்ளும் மருந்துகள், உப்புத் தண்ணீரில் போட்டாலும் புளித் தண்ணீரில் போட்டாலும் போகாது. சொத்தையை அரிந்து எறிய ஒரு கத்தி போதும். மருந்தை அரிந்து எறிய எந்தக் கத்தி இருக்கிறது?

ஆகவே, கூடையில் இரண்டு காய் சொத்தை இருந்தால் கோபப்படாதீர்கள். காய் வாங்கும்போது விலையோடு சேர்த்து இதையும் கேளுங்கள்: ‘‘எந்தத் தோட்டத்துக் காய்ங்க? மருந்து அடிச்சு எத்தனை நாளாச்சு?’’

முதல் நாள் கடைக்காரர் சிரிப்பார். பத்து அம்மாக்கள் கேட்டால் மண்டியில் போய் விசாரிப்பார். மண்டிக்காரர் தோட்டத்தில் விசாரிப்பார். முகச்சுளிப்பு போன அதே வழியில் இந்தக் கேள்வியும் போகட்டுமே!