திரையில் உழவு, தெருவில் தமிழ்

ஏரைத் தொட்டறியாதவன் ஏரோட்டுகிறான். வரப்பில் நடந்தறியாதவன் வயலுக்கு நீர் பாய்ச்சுகிறான். எங்கே? கணிப்பொறித் திரையில்! கைப்பேசிக் கண்ணாடியில்! உழவாட்டம் என்னும் புதுவகை விளையாட்டு உலகெங்கும் பரவித் தமிழிளைஞர் கைகளையும் எட்டிவிட்டது. பொழுதுபோக்குத்தானே என்று புறந்தள்ளுவார் அதன் வலிவை அறியாதவரே.

2009இல் முகநூல்வழிப் புகுந்த ‘பார்ம்வில்’ ஆட்டத்தை அடுத்த ஆண்டிலேயே திங்கள்தோறும் எட்டுக் கோடிக்கு மேற்பட்டோர் ஆடினர். உரிய வேளையில் வந்து அறுக்காவிடின் திரைப்பயிர் வாடிவிடும். அவ்வச்சமே ஆடுவோரை மீண்டும் மீண்டும் இழுத்தது. 2020 இறுதியில் அது மூடப்பட்டது. மக்கள் வேட்கை மூடப்படவில்லை. சுவிட்சர்லாந்து நிறுவனமொன்று 2008 முதல் வெளியிட்டுவரும் ‘பார்மிங் சிமுலேட்டர்’ வரிசையின் 2024ஆம் ஆண்டுப் பதிப்பு, முதற் கிழமையிலேயே 20 இலக்கம் படிகள் விற்றது. நெல் நடவும் நீரெருமையும் அதில் இடம்பெற்றன. எரிக் பரோன் என்னும் அமெரிக்கர் தனியொருவராய் நான்காண்டிற்கு மேல் உழைத்து 2016இல் வெளியிட்ட ‘சுடார்டியூ வேலி’யோ நான்கு கோடிப் படிகளைக் கடந்துவிட்டது.

இவற்றிற்கெல்லாம் ஊற்றுக்கண் சப்பான். மியாசாக்கிப் பகுதியிற் பிறந்து தோக்கியோ நகரிற் குடியேறிய யசுகிரோ வாடா என்பவர், விட்டுவந்த சிற்றூர் வாழ்வை நினைந்தே 1996இல் தம் முதல் உழவாட்டத்தைப் படைத்தார். 2020இல் அந்நாட்டார் இருவர் உருவாக்கிய ‘சகுனா’ என்னும் ஆட்டத்தில், விதைநெல்லை உப்புநீரிலிட்டுப் பதர் நீக்குவது முதல் நடவு, களையெடுப்பு, நீர்மட்டம் காத்தல், கதிரடித்தல், உமி நீக்கல் ஈறாக எல்லாம் முறைப்படி நிகழும். ஆட்டத்தில் வெல்ல விரும்பியோர் சப்பானிய வேளாண்துறையின் வலைத்தளத்தைப் புரட்டி நெல்வளர்ப்புக் கற்றனர் என்பது உலகறிந்த செய்தி. தன் நெல்லைத் தன் மொழியிற் கொண்டு உலகத்தை ஆடவைத்தது அந்நாடு.

ஆயினும் ஆட்டம் ஆட்டமே. அங்கே அத்தனை ஆட்டம் ஆடியும் உழவரின் நிரலளவு அகவை அறுபத்தேழைக் கடந்துநிற்கிறது. ஆட்டத்தால் மயங்கி ஏர்பிடிக்க இளைஞர் திரண்டிலர். ‘சுடார்டியூ வேலி’யில் ஒரு நாள் என்பது ஏறத்தாழ 14 நிமையம், நெல் எட்டே நாளில் விளையும். இரண்டு மணி நேரத்திற்குள் ஒரு குறுவை! மேட்டூர் மதகு திறக்குமா திறவாதா என்று வானத்தையும் கருநாடகத்தையும் மாறிமாறிப் பார்க்கும் நூற்றுப்பத்து நாள் ஏக்கம் அதில் ஏது? ‘பார்மிங் சிமுலேட்டரில்’ ஒரு பொத்தானை அழுத்தினால் கூலியாள் வந்து உழுவான். கூலி தானே கழியும். அவன் கூட்டிக் கேளான், சங்கம் சேரான். கூலியுயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பத்தார் 44 பேர் 1968 திசம்பர் 25ஆம் நாளிரவு கீழ்வெண்மணியில் எரியுண்ட மண்ணிலே, இக்கூலியாளை உண்மை உழவாள் என்று எவன் நம்புவான்? போதாக்குறைக்கு, இழுவைப்பொறி விற்கும் பெருநிறுவனங்கள் தம் பெயரும் நிறமும் பொறித்த பொறிகளை ஆட்டத்துள் ஏற்றியுள்ளன. காசு கொடுத்து விளம்பரம் பார்க்கும் விந்தை இது.

இவையெல்லாம் ஒருபுறம் கிடக்கட்டும். நெஞ்சைச் சுடுவது மொழியே.

‘சுடார்டியூ வேலி’ பன்னிரண்டு மொழிகளில் உள்ளது. ஒன்றரைக் கோடிப் பேரும் பேசாத அங்கேரிய மொழி அதில் உண்டு, துருக்கியம் உண்டு, கொரியம் உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ ஏழு கோடிப் பேர் பேசும் தமிழ் இல்லை! (இந்தியும் இல்லையே என்று ஆறுதல் கொள்வாருமுளர், அடுத்தவன் பட்டினி நம் பசிக்குச் சோறாகுமா?) விளைவு யாது? தஞ்சைத் தரணியிற் பிறந்த பிள்ளை, “ஆர்வெசுட்டு பண்ணு, சீடு போடு” என்று ஆடுகிறான். அவனுக்கு முளைப்பவையெல்லாம் ஒரே ‘பிளாண்டு’. நெல்லுக்கு நாற்று, மாவிற்குக் கன்று, தென்னைக்குப் பிள்ளை, விளாவிற்குக் குட்டி, பனைக்கு வடலி என இளம்பயிர் ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் வகுத்த நுண்மையைப் பாவாணர் எடுத்துக்காட்டித் தமிழின் வளம் நாட்டினார். அவ்வளம் அங்காடியிற் கிடைப்பதன்று. சேற்றில் நின்றவன் வாயிற் பிறந்தது.

தொளி கலக்கிப் பரம்படித்து, நாற்றுமுடி வீசி, நட்டபின் தூர்கட்டி, கதிர் ஈன்று, பால்பிடித்து, மணி முற்றி, களத்தில் அடித்துத் தூற்றிப் பொலியாகக் குவிவது வரை ஒவ்வொரு நிலைக்கும் ஒரு சொல்! இவற்றை அழித்தது ஆட்டமன்று. ‘டிரான்சுபிளாண்டர்’, ‘வீடர்’ என்று உழவனிடமே ஆங்கிலம் பேசும் அலுவலரும், வேளாண் பாடத்தைத் தமிழில் எழுதின் தரங்குறையும் என்று கதைக்கும் படித்தோரும் அழித்தனர். ஆட்டம், அழிந்த இடத்தில் வந்து அமர்ந்தது, அவ்வளவே. ஆட்டத்தைத் தடைசெய்க என்று கூவுவோர் இதனை எண்ணுக.

வழி அடைபட்டிருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. இவ்வாட்டங்களுட் பல, ஆடுவோரே புதிய வயலையும் கருவியையும் சொல்லையும் சேர்த்துக்கொள்ள இடந்தருகின்றன. பிறநாட்டு இளைஞர் தத்தம் ஊர் நிலத்தையே அவற்றுள் வரைந்து வைத்துள்ளனர். நிரலெழுதும் தமிழிளைஞர்க்கு உலகிற் குறைவில்லை. கொழு, மேழி, ஏர்க்கால், நுகம், பூட்டாங்கயிறு ஆகிய ஐந்தையும் சுட்டிக்காட்டத் தெரிந்தவரே குறைவு. வரும் பொங்கலுக்கு ஊர் செல்வோர் பாட்டன் பாட்டியரிடம் அமர்ந்து, ஏருறுப்பும் வாய்க்கால் வகையும் நெல்லின் நிலைகளும் கேட்டு, சொல்லும் படமுமாகக் குறித்துக் கொணர்க. அவற்றை ஆட்டத்துள் ஏற்றும் பொறுப்பை நிரலெழுத வல்லார் ஏற்க. முதல் வயல் காவிரிப் படுகையினதாக இருக்கட்டும். அதன் மடைக்கு ‘மடை’ என்றே பெயரிடுக.