மூலம்பிள்ளியின் தீராத பாக்கி

2025 நவம்பர் 1 அன்று கேரளம் அதிதீவிர வறுமை இல்லாத மாநிலமாக அறிவிக்கப்பட்டது. 2021-இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் உணவு, உடல்நலம், வருமானம், உறைவிடம் ஆகிய நான்கு அளவுகோல்களைக் கொண்டு கண்டறியப்பட்ட குடும்பங்கள் 64,006. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியே ஒரு திட்டம் வகுக்கப்பட்டது. ஏழைகளைச் சராசரிக் கணக்கில் புதைத்துவிடாமல், உள்ளாட்சி அமைப்புகளும் குடும்பஸ்ரீயும் பெயர் பெயராகத் தேடிச் சென்ற இம்முறை, ஒன்றிய அரசின் விளம்பரப் புள்ளிவிவரங்களைவிடப் பன்மடங்கு நேர்மையானது.

ஆயினும், விழுந்து கிடக்கும் குடும்பத்தைத் தூக்கி நிறுத்துவது ஒரு பணி. நின்றுகொண்டிருக்கும் குடும்பம் விழாமல் காப்பது மற்றொரு பணி. ஆய்வாளர் அனிருத் கிருஷ்ணா இந்தியா, கென்யா, உகாண்டா, பெரு, அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் ஆயிரக்கணக்கான குடும்பங்களை ஆராய்ந்து 2010-இல் வெளியிட்ட நூலில் இதையே காட்டினார். ஒரே கிராமத்தில் சிலர் வறுமையைவிட்டு வெளியேறும் அதே ஆண்டுகளில் வேறு சிலர் அதற்குள் விழுகின்றனர். விழுவோரில் பெரும்பாலோரை வீழ்த்துவது நோயும் மருத்துவச் செலவும். நோய் எவர் வீட்டுக்கும் முன்னறிவிப்பின்றி வரும். நிலப்பறிப்போ அரசாணையோடு வருகிறது.

கொச்சிக் காயலில் உள்ள வல்லார்பாடம் தீவு இதற்குச் சான்று. பெரிய கப்பல்களில் வரும் சரக்குப் பெட்டகங்களைச் சிறிய கப்பல்களுக்கு மாற்றும் முனையம் ஒன்றுக்கு 2005 பிப்ரவரியில் அங்கு அடிக்கல் நாட்டினார் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங். அதை நடத்தும் உரிமை 30 ஆண்டுகளுக்குத் துபாயின் டிபி வேர்ல்டு நிறுவனத்துக்கு அளிக்கப்பட்டது. முனையத்துக்குச் சாலையும் இருப்புப்பாதையும் தேவைப்பட்டன. அவற்றுக்காக மூலம்பிள்ளி, முளவுகாடு, கோதாடு, சேரானல்லூர், ஏலூர் முதலிய ஊர்களிலிருந்து 316 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. 2008 பிப்ரவரி 6 அன்று மூலம்பிள்ளியில் காவல்துறையின் துணையோடு வீடுகள் இடித்துத் தள்ளப்பட்டன.

அப்போது கேரளத்தை ஆண்டது இடது ஜனநாயக முன்னணி அரசு. இதைச் சொல்லாமல் எழுதுவதால் பயனில்லை.

அந்தக் குடும்பங்கள் இழந்தது எது? அரசின் ஏடுகளில் அது சில சென்ட் நிலமும் ஒரு கட்டிடமும்தான். காயலோரத்துக் குடும்பத்தின் பிழைப்பு அவ்வளவு எளிதாக அளவெடுக்கப்படக்கூடியதன்று. மூலம்பிள்ளி அடங்கிய கடமக்குடிப் பகுதி, பொக்காளி நெல் விளையும் பூமி. மழைக்காலத்தில் உப்பின் கடுமை தணியும்போது உப்பைத் தாங்கும் அந்நெல்லை மேடுகளில் விதைப்பார்கள். அறுவடை முடிந்ததும் அதே வயலில் காயல்நீரைப் பாய்ச்சி ஏப்ரல் வரை இறால் வளர்ப்பார்கள். அறுத்த நெல்லின் தாள் இறாலுக்கு உணவாகும்; இறாலின் கழிவு அடுத்த நெல்லுக்கு உரமாகும். சொந்த வயல் இல்லாதவர்களுக்கு அறுவடைக் கூலியும், சீன வலையும், சேற்றில் நண்டு பிடித்தலும், மட்டி வாருதலும் உண்டு. ஒன்று பொய்த்தால் மற்றொன்று கைகொடுக்கும். வீட்டு வாசலில் படகு நிற்கும். கடனுக்கு அரிசி தரும் கடைக்காரரும் அவசரத்துக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அண்டை வீட்டாரும் அருகிலேயே இருப்பார்கள். இவற்றுக்குப் பட்டா கிடையாது. ஆகவே இழப்பீடும் கிடையாது. அன்று நடைமுறையிலிருந்த 1894-ஆம் ஆண்டின் காலனியச் சட்டத்துக்கு நிலத்தின் சந்தை விலையே முதன்மையாக இருந்தது.

எர்ணாகுளத்தில் நடந்த தொடர் போராட்டத்தின் பின், 2008 மார்ச் 19 அன்று மறுவாழ்வுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஐந்து அல்லது ஆறு சென்ட் மனை, வீடு கட்டும்வரை மாதம் 5,000 ரூபாய் வாடகை, குடும்பத்தில் ஒருவருக்கு வேலை என்பன அதன் முக்கிய அம்சங்கள். தாளில் பார்த்தால் நாட்டின் பல இடங்களில் கிடைத்ததைவிட மேலானது. நடந்தது வேறு. ஒதுக்கிய மனைகளில் பல சதுப்பை மண்ணிட்டு நிரப்பியவை. காக்கநாட்டுத் துதியூரில் எழுந்த வீடுகள் விரிசல் கண்டு சாய்ந்தன. பெரும்பாலோர் வீடு கட்டவே இல்லை. வேலை வாக்குறுதி வாக்குறுதியாகவே நின்றது. ஆட்சிகள் இருபுறமும் மாறின. கோப்பு மட்டும் அசையவில்லை.

முனையத்தை 2011 பிப்ரவரியில் அதே மன்மோகன் சிங் திறந்துவைத்தார். கொழும்பில் இறங்கும் இந்தியச் சரக்கை இங்கே திருப்புவதுதான் நோக்கமாகச் சொல்லப்பட்டது. கொழும்பின் முதன்மை இன்றும் குலையவில்லை. காயலின் குறுக்கே 4.62 கிலோமீட்டர் நீளத்துக்குக் கட்டிய ரயில் பாலத்தில் நெடுங்காலம் சரக்கு ரயில்கள் அரிதாகவே ஓடின. தேசத்தின் நலன் என்று கூறி 316 குடும்பங்களிடம் கேட்டுப் பெற்ற தியாகத்தின் பலன் இது. (கேட்டுப் பெற்றது என்பதும் மிகையே.)

நின்ற நிலையிலிருந்து தள்ளப்பட்ட இத்தகையோர் வறுமைக் கணக்கெடுப்பில் எளிதில் சிக்குவதில்லை. அவர்களுக்குத் தாளில் மனை உண்டு. உறவினர் வீட்டிலோ வாடகை வீட்டிலோ கூரையும் உண்டு. அளவுகோலின்படி அவர்கள் பரம ஏழைகள் அல்லர். எனவே விழுந்தவர்களைத் தேடும் நல்ல முறையோடு, அரசே தள்ளிவிட்டவர்களுக்கான கணக்கும் தனியே எழுதப்பட வேண்டும்.

தமிழ்நாட்டுத் தோழர்களுக்கு இது அண்டை மாநிலச் செய்தி மட்டுமன்று. கன்னியாகுமரி மாவட்டத்தின் இனயத்தில் இதே வகைத் துறைமுகத்துக்கு 2016-இல் ஒன்றிய அமைச்சரவை கொள்கை அளவில் ஒப்புதல் தந்தது. மீனவர்கள் எதிர்த்து நின்றதும் இடம் கோவளம்–கீழமணக்குடிக்கு மாறியது, அங்கும் மக்கள் ஏற்கவில்லை. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரத்து உழவர்கள் 2022 முதல் போராடி வருகின்றனர். அவர்கள் பக்கம் நின்று பேசும் தோழரிடம், ‘உங்கள் அரசு மூலம்பிள்ளியில் என்ன செய்தது?’ என்று எதிர்த்தரப்பு கேட்கும். கேட்பதற்கு அவர்களுக்கு அருகதை இல்லையென்றாலும் கேள்விக்குப் பதில் வேண்டும். கட்டுறுதியான மனை, வாக்களித்த வேலை, நிலுவையிலுள்ள வாடகை ஆகிய மூன்றுக்கும் காலக்கெடு விதித்துக் கேரளத்தின் இடதுசாரிகளே களத்தில் இறங்குவதைத் தவிர வேறு பதில் கிடையாது. 2008-இல் பாடப்புத்தகப் பையோடு தெருவுக்கு வந்த பிள்ளைகள் இன்று வேலை தேடும் வயதில் இருக்கின்றனர்.