மீட்டரும் மதிப்பும்

பழைய காரை விலை பேச வருகிறவர்களிடையே ஒரு வழக்கம் ஆழ வேரூன்றிவிட்டது. வண்டியை ஒருமுறை சுற்றிப் பார்ப்பதற்கு முன்னும், பானெட்டைத் தூக்கச் சொல்வதற்கு முன்னும், ஆர்.சி. புத்தகத்தைக் கையில் வாங்குவதற்கு முன்னும், சாவியைத் திருப்பச் சொல்லிக் குனிந்து மீட்டரில் தெரியும் எண்ணைப் படித்துவிடுகிறார்கள். படித்த மாத்திரத்திலேயே அவ்வண்டியின் யோக்கியதையைப் பற்றிய தீர்ப்பும் அவர்கள் மனத்தில் எழுதப்பட்டுவிடுகிறது. சென்ற வாரம் என்னுடைய காரைப் பார்க்க வந்த கனவான், எண் ஒரு லட்சத்து இருபதாயிரத்தைக் கடந்திருப்பதைக் கண்டதும், "லட்சத்தைத் தாண்டிட்டா வண்டி முடிஞ்சுதுங்க சார்" என்று சொல்லி, நான் கூறிய கிரயத்தில் ஏறக்குறையப் பாதியைக் குறிப்பிட்டார். வாங்கிய நாள் முதல் நான் சேர்த்து வைத்திருக்கும் சர்வீஸ் ரசீதுகள் மேசைமீது அடுக்கியபடியே இருந்தன. அவர் அவற்றைத் தொடக்கூட இல்லை. வாசலில் அவரை இறக்கிவிட்டுக் காத்திருந்த கால் டாக்ஸியோ மூன்று லட்சம் கிலோமீட்டரைக் கடந்தது என்று அதன் டிரைவரே என்னிடம் பெருமையாகச் சொன்னார். மூன்று லட்சம் ஓடிய வண்டியில் குடும்பத்தோடு அச்சமின்றி ஏறி வந்தவர், அதில் பாதிகூட ஓடாத வண்டியைக் கண்டு அஞ்சினார். இந்த முரண்பாடு அவருக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் எனக்குத் தாங்க முடியாத எரிச்சலை உண்டாக்கிற்று.

ஓட்டம் குறைந்த வண்டியே நல்ல வண்டி என்ற இந்த நம்பிக்கை, படித்தவர் படியாதவர் என்ற பேதமில்லாமல் நம் ஜனங்களைப் பீடித்திருக்கிறது. அதற்கு விடையாக எங்கள் தெருக்கோடியில் நின்ற ஒரு காரின் கதையை நான் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன், இன்னும் சொல்வேன். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் அதை வைத்திருந்தார். ஒன்பது ஆண்டுகளில் பதினாலாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. வெள்ளிக்கிழமை கோயிலுக்கும், எப்போதாவது கல்யாண மண்டபத்துக்கும் போய் வந்ததைத் தவிர, மற்ற நாள்களெல்லாம் அது தார்ப்பாய் உறைக்குள் வேப்பமரத்தடியில் உறங்கிக்கொண்டிருந்தது. அவர் காலமான பின் பிள்ளைகள் அதை விற்க முனைந்தபோது, "பதினாலாயிரம்தான், சிங்கிள் ஓனர்" என்ற இரண்டு வார்த்தைகளைக் கேட்டே வருகிறவர்கள் போட்டி போட்டார்கள். கடைசியில் ஓர் இளைஞர், என் வண்டிக்கு யாரும் கொடுக்க நினைக்காத தொகையை அதற்குக் கொடுத்து ஓட்டிச் சென்றார்.

நான் அந்த வண்டியை அருகில் நின்று பார்த்தவன். உறையை விலக்கியபோது எலிப் புழுக்கையின் நாற்றம் எழுந்தது. டயரின் பக்கவாட்டில், முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் பொறித்திருப்பார்கள். முதல் இரண்டு வாரத்தையும் பின் இரண்டு ஆண்டையும் குறிக்கும். அந்த வண்டியின் நான்கு டயர்களிலும் 1815 என்று இருந்தது. அதாவது 2015-ஆம் ஆண்டின் பதினெட்டாவது வாரத்தில் வார்க்கப்பட்ட ரப்பர். மேலே பட்டன்கள் புத்தம் புதிதாக இருந்தன. பக்கச் சுவரோ கோடையில் வற்றிய ஏரிக் கரம்பைபோல் பாளம் பாளமாக வெடித்திருந்தது. வாங்கிய இளைஞர் முதல் ஆறு மாதத்துக்குள் பாட்டரி, நான்கு டயர், பெட்ரோல் பம்ப், எலி கடித்த வயரிங், துருவேறி இறுகிப்போன பின் பிரேக், ஏ.சி. கூலிங் காயில் ஆகிய அனைத்தையும் மாற்ற நேர்ந்தது. மீட்டரைப் பார்த்து அவர் அதிகமாகக் கொடுத்த பணத்தோடு இந்தச் செலவையும் கூட்டிப் பார்க்கட்டும், ஓட்டம் குறைவு என்பதன் பெறுமதி என்னவென்று விளங்கும்.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. இயந்திரம் நின்றாலும் காலம் நிற்பதில்லை. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது கெடும். பாட்டரி பயன்படாமல் கிடந்தே சாகும். கோயில் வரைக்கும் இரண்டு கிலோமீட்டர் போய்த் திரும்பும் எஞ்சின் சூடேறுவதற்குள் அணைக்கப்பட்டுவிடுவதால், எரிதலில் பிறக்கும் நீர் ஆவியாகி வெளியேற அவகாசமின்றி எஞ்சின் ஆயிலிலேயே தங்கி அதைக் கெடுக்கிறது. காரைச் செய்த கம்பெனிகள் தங்கள் கையேட்டில் ஆயில் மாற்றுவதற்குக் கிலோமீட்டர் கணக்கு ஒன்றும் மாதக் கணக்கு ஒன்றும் கொடுத்து, இவற்றில் எது முன்னதோ அப்போது மாற்றுக என்று எழுதியிருப்பது எதற்காக? வண்டியைப் பிறப்பித்தவர்களே காலத்தையும் கணக்கில் எடுக்கிறார்கள். வாங்க வருகிறவர் எடுப்பதில்லை. பெரியவரின் காருக்கு ஒன்பது ஆண்டுகளில் எத்தனை முறை ஆயில் மாற்றினார்கள் என்று அந்த இளைஞர் கேட்டாரா? கேட்கவில்லை; மீட்டரில் பதினாலாயிரம் என்றிருந்தது, அது போதுமானதாயிருந்தது.

என் காரோ பெரும்பாலும் திருச்சிக்கும் சென்னைக்குமிடையே ஓடியது. விடியற்காலையில் புறப்பட்டு, எஞ்சின் தன் உரிய சூட்டில் சீராகச் சுழன்று, முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டரை ஒரே மூச்சில் கடக்கும்போது கிளட்சை மிதிக்கும் சந்தர்ப்பங்கள் சொற்பம், பிரேக்கும் அவ்வாறே. நகரத்து நெரிசலில், சிக்னலுக்குச் சிக்னல் நின்று நின்று இருபது கிலோமீட்டர் ஊர்கிற வண்டி, அந்த முந்நூற்றில் தேயாத அளவுக்கு இந்த இருபதிலேயே தேய்ந்துவிடும். மீட்டரோ இந்த இருபதையும் அந்த முந்நூற்றையும் ஒரே தராசில் நிறுக்கிறது. அமெரிக்காவில் இர்வ் கோர்டன் என்ற பள்ளி ஆசிரியர் 1966-இல் வாங்கிய வால்வோ காரை 2013-இல் முப்பது லட்சம் மைலுக்குக் கொண்டுபோய் உலக சாதனைப் புத்தகத்தில் இடம்பெறச் செய்தார். இடையில் எஞ்சினைப் பிரித்துப் புதுப்பித்தார் என்பது மெய்யே. கையேட்டில் சொன்ன பராமரிப்பைத் தவறாமல் செய்துவந்தார் என்பதும் மெய். நம் வாங்குநர்களின் சாஸ்திரப்படி அவருடைய வண்டி முதல் அறுபத்திரண்டாயிரம் மைலிலேயே "முடிந்து" போயிருக்க வேண்டும்.

மூடநம்பிக்கை என்ற அளவில் இது நின்றிருந்தால் நான் இவ்வளவு சினம் கொண்டிருக்கமாட்டேன். நேர்மையாக ஓட்டி, நேர்மையாகச் சொல்பவனைத் தண்டித்து, பொய்யனுக்கு வெகுமதி அளிக்கும் ஏற்பாடாக இது மாறிவிட்டதே என் பெரிய ஆட்சேபம். எண்ணுக்காகவே பணம் கொடுக்கப்படும் சந்தையில் எண்ணைத் திருத்தும் தொழில் செழிக்காமல் வேறென்ன செய்யும்? எண் சக்கரங்கள் சுழலும் மீட்டர் இருந்த காலத்தில் அதைக் கழற்றிப் பின்னோக்கிச் சுற்றினார்கள். இன்று லாப்டாப்பில் ஒரு வயரைச் செருகிச் சில நிமிஷங்களில் லட்சத்தை நாற்பதாயிரமாக்குகிறார்கள். கார் கன்சல்டிங் என்ற பலகையை மாட்டிக்கொண்டிருப்பவர்களில் யோக்கியர்கள் இருக்கிறார்கள்; யோக்கியமில்லாதவர்களும் இருக்கிறார்கள்; இவர்களைப் போஷிப்பது மீட்டரைத் தவிர வேறொன்றையும் பாராத நம்முடைய கண்தான். பிரேக் பெடலின் ரப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்து, ஸ்டியரிங்கின் தோல் மினுமினுத்து, டிரைவர் சீட்டின் ஓரம் குழிந்து கிடக்கும் வண்டியில் முப்பத்தையாயிரம் என்று மீட்டர் காட்டினால், பெடலை நம்புவதா மீட்டரை நம்புவதா? கம்பெனி சர்வீஸ் மையத்தில் பதிவு எண்ணைக் கொடுத்து, ஒவ்வொரு முறை வந்தபோதும் குறித்துவைத்த கிலோமீட்டரை உரிமையாளரைக் கொண்டே கேட்டு வாங்கலாமே! அந்தச் சிறு பிரயாசைக்கு மனமில்லை.

ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளியல் அறிஞர், பழைய கார்ச் சந்தையையே உதாரணமாகக் கொண்டு 1970-இல் ஒரு கட்டுரை எழுதினார். பிற்பாடு 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு அந்த ஆராய்ச்சி முக்கிய காரணம். நல்ல வண்டியையும் கெட்ட வண்டியையும் வாங்குபவனால் பிரித்தறிய முடியாத இடத்தில், அவன் இரண்டுக்கும் பொதுவான ஒரு நடுவிலையையே கொடுக்கத் துணிவான். அந்த விலைக்குக் கொடுக்க மனமில்லாத நல்ல வண்டிக்காரன் சந்தையை விட்டே விலகுவான். கெட்டவையே மிஞ்சும் என்பது அதன் சாரம். நம் ஊரில் நடப்பது இதனினும் மோசம். ரசீதுகள் இருக்கின்றன, சாட்சியம் இருக்கிறது, பிரித்தறிய வழி இருக்கிறது. இருந்தும் அவற்றை ஒதுக்கிவிட்டு, எளிதில் பொய்யாக்கக்கூடிய ஒரே அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறோம். பெரியவரின் கார் அதிக விலைக்குப் போனதும், என் நண்பர்கள் பலர் தங்கள் நல்ல வண்டிகளை விற்காமல் மைத்துனனுக்கோ மருமகனுக்கோ கொடுத்துவிட்டதும் இதன் விளைவே.

மேலும், மீட்டருக்கும் சந்தை விலைக்கும் பிரிக்க முடியாத பந்தம் உண்டென்று நினைப்பவர்கள் சரித்திரத்தைச் சற்றே திரும்பிப் பார்க்க வேண்டும். லைசென்ஸ் ஆட்சிக் காலத்தில் பியட் காருக்குப் பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். அப்போது கைமாறிய வண்டி, ஓடித் தேய்ந்தபிறகும், புது வண்டியின் கட்டுப்பாட்டு விலையைக் காட்டிலும் அதிகமாக விற்றதுண்டு. அண்மையில் 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி சிறு கார்களின் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்து, புது வண்டியின் விலை இறங்கிற்று. அதையொட்டிப் பழைய வண்டியின் மதிப்பும் இறங்க வேண்டியதாயிற்று. அந்த ஓர் இரவில் என் காரின் மீட்டர் ஓர் எண்கூட நகரவில்லை. டெல்லியில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டி ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் விதித்து, உச்ச நீதிமன்றமும் 2018-இல் அதை வலியுறுத்தியபோது, அங்கே நல்ல நிலையிலிருந்த வண்டிகளெல்லாம் அடிமாட்டு விலைக்குப் போயின. அவற்றின் மீட்டரை யார் கேட்டார்கள்?

இந்த நோய்க்கு உறவான வேறு நோய்களும் உண்டு. சிங்கிள் ஓனர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்கிறார்கள். ஒரே கையில் இருந்து ஒன்பதாண்டு பாழான வண்டியைத்தான் மேலே வர்ணித்தேன். டாக்டர் ஓட்டிய வண்டி என்றால் ஒரு மரியாதை. டாக்டருக்கு இதயத்தைப் பற்றித் தெரியும், எஞ்சினைப் பற்றி என்ன தெரியும்? இன்ஷூரன்ஸ் பத்திரத்தில் கண்ட தொகையைச் சந்தை விலை என்று நீட்டுகிறவர்கள் மற்றொரு வகையினர். அந்தத் தொகை முதல் ஆறு மாதத்துக்கு 5 சதவீதம், ஓராண்டுக்குள் 15, பிறகு 20, 30, 40 என்று ஏறி ஐந்தாம் ஆண்டு முடிவில் 50 சதவீதம் கழிக்கும் வெறும் அட்டவணைக் கணக்கு. வண்டியைக் கண்ணால் காணாமலே எழுதப்படுவது. விற்பவர்கள் பக்கமும் அநியாயம் இல்லாமலில்லை. சீட் கவருக்கும், ஸ்பீக்கர் செட்டுக்கும், ராசி எண்ணுக்கும் கொட்டிய பணத்தையெல்லாம் விலையில் ஏற்றி, "எனக்கு இது அடக்க விலை" என்று வாதாடுகிறவரிடம் விவகாரம் பேசுவது வீண்.

நியாய விலை கண்டுபிடிக்க முடியாத மர்மம் அன்று. அதே மாடல், அதே ஆண்டு, அதே வகை வண்டிகள் சொந்தக்காரர்களிடமிருந்து நேரடியாக என்ன விலைக்குக் கைமாறுகின்றன என்று விசாரித்து அடித்தளத்தைக் கண்டுகொள்ள வேண்டும். கன்சல்டிங்காரர் தருவதாகச் சொல்லும் தொகை அதற்குக் கீழே இருக்கும், அவர் கேட்கும் தொகை மேலே இருக்கும், இரண்டுக்குமிடையில் நியாயம் இருக்கும். பிறகு டயர், பாட்டரி, கிளட்ச் ஆகியவற்றில் எது உடனே மாற்ற வேண்டியதோ அதன் விலையைக் கழித்து, மீதமுள்ள இன்ஷூரன்ஸ் மாதங்களையும், பதினைந்தாண்டுப் பதிவில் எஞ்சியிருப்பதையும், அடிபட்டதா வெள்ளத்தில் மூழ்கியதா என்பதையும், ஒழுங்கான சர்வீஸ் ரசீதுகளையும் சீர்தூக்கி, கூட்டியோ குறைத்தோ கொள்ள வேண்டும். நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரைக் காலையில் அழைத்து வந்து, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்து, புகையின் நிறத்தைப் பார்க்கச் சொல்லலாம்; அவர் வாங்கும் கூலி, அந்த இளைஞர் செலவழித்ததில் ஒரு சிறு பின்னமாகக்கூட இராது. இவ்வளவும் ஆனபிறகு, கடைசியாக, மற்றவற்றோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்ப்பதற்காக மட்டும் மீட்டரைப் பாருங்கள். நான் ஆட்சேபிக்கமாட்டேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. கிலோமீட்டரைச் சுட்டிக்காட்டி ஐம்பதாயிரம் குறைக்கச் சொல்லும் அதே வாய், பெயர் மாற்றும் பேச்சை எடுத்ததும், "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் சார்" என்கிறது. ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் பதினான்கு நாளிலும் வாங்கியவர் முப்பது நாளிலும் தெரிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். அதற்குத்தான் 29-ஆம் படிவமும் 30-ஆம் படிவமும். விற்றுக் கைமாறிக் கைமாறிப் போன கார் ஒன்று விபத்தில் சிக்கியபோது, ஆர்.சி.யில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்த்திருக்கிறது. தன் வண்டியைக் கண்ணால்கூடக் காணாத நாளில், எங்கோ எவனோ மோதியதற்கு முதல் சொந்தக்காரன் நீதிமன்றம் ஏறுகிறான். வாங்குகிறவருக்கு அது அற்ப விஷயம். பதினாலாயிரமா ஒரு லட்சமா என்பது மட்டும் மகத்தான விஷயம். விலையில் இன்னும் பத்தாயிரம் இறங்கி வர நான் சம்மதிப்பேன், ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு என்னோடு வந்து கையெழுத்திடாதவருக்குச் சாவியைக் கொடுக்கச் சம்மதியேன்.