இருமல் மருந்துக்கும் மன மாத்திரைக்கும் சம்பந்தமில்லையா?

“மெடிக்கலில் சீட்டு இல்லாமலே தருகிறார்கள், அதில் என்ன ஆபத்து இருந்துவிடப் போகிறது?” மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்துக்கொண்டே தினமும் இருமல் மருந்தோ வலி மாத்திரையோ தேடுகிறவர்கள் பலரும் சொல்வது இது. டாக்டர் பழைய மாத்திரையை மாற்றிப் புதிதாக எழுதும் நாளிலும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. “வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?” என்று கேட்டால் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளின் பெயர்தான் வரும். பாட்டிலில் வருவதை யார் மாத்திரைக் கணக்கில் சேர்க்கிறார்கள்? இப்படிச் சொல்லாமல் இருப்பதற்கு ஆளாளுக்கு ஒரு நியாயம் வைத்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்றுகூட நிற்காது என்பது என் கட்சி.

முதலில் அந்தச் சீட்டு விவகாரம். போதை தரும் கோடீன் கலந்த இருமல் மருந்தைச் சீட்டு இல்லாமல் விற்கச் சட்டத்தில் இடமே இல்லை. 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த, மருந்து விதிகளின் எச்1 அட்டவணையில் கோடீன் இருக்கிறது. விற்பவர் தனிப் பதிவேட்டில் விவரம் எழுதி, அந்த ஏட்டை 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். கல்லாவுக்குப் பின்னாலிருந்து காகிதத்தில் சுற்றிக் கைமாறுவதால் அது சாதுவான மருந்தாகிவிடாது. கடையில் சட்டப்படியே கொடுத்துப் பார்த்த நாடுகளும் பின்வாங்கியிருக்கின்றன. பிரிட்டன் 2009இல் கோடீன் மாத்திரைப் பெட்டிகளில், அடிமையாக்கக்கூடும், 3 நாளுக்கு மேல் வேண்டாம் என்று அச்சிட வைத்தது. ஆஸ்திரேலியா 2018 பிப்ரவரி 1 முதல் சீட்டில்லாமல் தருவதையே நிறுத்திவிட்டது.

லேபிளைத் திருப்பிப் பாருங்கள். வழக்கமான கலவையில் 5 மில்லிக்குக் கோடீன் 10 மில்லிகிராம், குளோர்பெனிரமின் என்ற அலர்ஜி மருந்து 4 மில்லிகிராம். 100 மில்லி பாட்டிலை ஒரே மூச்சில் குடிப்பவருக்குள் 200 மில்லிகிராம் கோடீன் போகிறது. கூடவே 80 மில்லிகிராம் குளோர்பெனிரமினும் போகிறது. பெரியவர்களுக்கு அதன் ஒரு நாள் உச்சவரம்பே 24 மில்லிகிராம்தான். குடிக்கிறவர் இந்த இரண்டாவது சரக்கை நினைப்பதே இல்லை. டாக்டர் அவருக்கு மனச்சோர்வுக்கு அமிட்ரிப்டிலின் எழுதினால் வாய் வறட்சி, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, புத்தித் தடுமாற்றம் எல்லாம் இரண்டு பக்கமிருந்தும் வந்து சேரும். வலி மாத்திரைப் பக்கமும் இதே கதைதான். வெளிநாடுகளில் கிடைக்கும் கலவை ஒன்றில் 200 மில்லிகிராம் ஐபுபுரூபனோடு 12.8 மில்லிகிராம் கோடீன் இருக்கிறது. கோடீனுக்காக ஒரு நாளில் 20 மாத்திரை விழுங்குகிறவருக்கு ஐபுபுரூபன் 4 கிராம் ஆகிவிடுகிறது. அது இரைப்பையைப் புண்ணாக்கும். செர்ட்ரலின் வகை மனச்சோர்வு மாத்திரைகளோ ரத்தம் உறைவதைச் சற்றே தளர்த்துபவை. இரண்டும் சேர்ந்தால் வயிற்றுக்குள் ரத்தம் கசியும் வாய்ப்பு கூடுகிறது.

“அது நெஞ்சுச் சளிக்கு, இது மனசுக்கு. ரெண்டும் எங்க சந்திக்கப் போகுது?” கல்லீரலில் சந்திக்கின்றன. இதைத்தான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கோடீன் தன்னளவில் பலவீனமானது. கல்லீரலில் சிஒய்பி2டி6 என்ற நொதி அதில் ஒரு பங்கை மார்பினாக மாற்றுகிறது. போதையும் வலி நிவாரணமும் பெரும்பாலும் அந்த மார்பினால் வருபவை. மனச்சோர்வு மாத்திரைகளான பராக்ஸெடின், புளுவாக்ஸெடின் இரண்டும் இந்த நொதியைப் பலமாக அடக்குபவை. எனவே கோடீனுக்குப் பழகிய ஒருவர் பராக்ஸெடின் தொடங்கினால், குடிக்கும் அளவு மாறாமலே உள்ளே மார்பின் குறைகிறது. கொட்டாவி, மூக்கொழுகல், உடம்புவலி, வயிற்றுப்போக்கு, எரிச்சல், தூக்கமின்மை வருகின்றன. புது மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர் நினைக்கிறார். விஷயம் தெரியாத டாக்டரும் அப்படியே நினைக்கிறார். அல்லது போதை ஏறவில்லையென்று அவர் பாட்டில் எண்ணிக்கையைக் கூட்டுகிறார்.

கூட்டிய பிறகு என்ன ஆகிறது? மாத்திரை சரிப்படவில்லையென்று டாக்டர் பராக்ஸெடினை எடுத்துவிட்டு எஸ்சிட்டலோபிராமுக்கு மாற்றுகிறார். சில நாட்களில் நொதி பழைய வேகத்துக்கு வருகிறது. அவர் குடிப்பதோ கூட்டிய அளவு. அதே பாட்டில் இப்போது அதிக மார்பின் தருகிறது. தூக்கத்தில் மூச்சு மந்தமாகும் ஆபத்து இங்கேதான். புளுவாக்ஸெடினிலிருந்து மாறினால் இந்தத் திருப்பம் சில வாரங்கள் தள்ளி வரும், அதனால் யாரும் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க மாட்டார்கள். இன்னொரு வேடிக்கை, டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் கலந்த இருமல் மருந்தில் எல்லாமே தலைகீழ். அதை உடைத்து வெளியேற்றுவதே இந்த நொதிதான். நொதியை அடக்கினால் மருந்து ரத்தத்தில் ஏறுகிறது, மன மாத்திரைகளைப் போல அதுவும் மூளையில் செரட்டோனின் என்ற ரசாயனத்தைக் கூட்டும் சரக்கு. கை நடுக்கம், வியர்வை, காய்ச்சல், கால் வெட்டிவெட்டி இழுப்பது என்று தொடங்கினால் வீட்டில் உட்கார்ந்து யோசிக்க நேரமில்லை, அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டும்.

“பழசை நிறுத்து, புதுசைப் போடு, அவ்வளவுதானே?” மாத்திரைக்கு மாத்திரை கணக்கு வேறு. பராக்ஸெடினும் வென்லாபாக்ஸினும் சீக்கிரம் வெளியேறுபவை. சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், குமட்டல், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற வெட்டு. புளுவாக்ஸெடினும் அதன் விளைபொருளும் வாரக்கணக்கில் தங்குபவை, அதன் மேல் அமிட்ரிப்டிலினை அவசரமாக ஏற்றினால் பின்னதன் அளவு எகிறும். இந்த மாற்றத்தின் நடுவே ஒருவர் கோடீனையும் திடீரென்று நிறுத்திவிட்டால், எந்தத் தொந்தரவு எதனுடையது என்று பிரிக்கவே முடியாது.

டாக்டர்கள் சிலரிடமும் ஒரு வாதம் உண்டு: முதலில் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டு வா, பிறகு மனச்சோர்வைப் பார்க்கலாம். தூங்க முடியாமலும் மனபாரம் தாங்காமலும் பாட்டிலைத் தேடியவரிடம் இது செல்லுபடியாகாது. இரண்டுக்கும் சேர்த்தே சிகிச்சை தரலாம், தரவும் வேண்டும். கோடீனைப் படிப்படியாகக் குறைக்கலாம், தேவைப்பட்டால் மேற்பார்வையில் மாற்று மருந்தான புப்ரனார்பின் கொடுக்கலாம். நொதியில் அதிகம் கைவைக்காத மாத்திரையாகப் பார்த்து மனச்சோர்வுக்கு எழுதலாம். எது முதலில், எது பிறகு என்று வரிசை போடத்தான் டாக்டருக்கு முழு விவரம் வேண்டும்.

“மன மாத்திரையே போதைதான், அதுக்கு இது தேவலை” என்பவர்களுக்குச் சுருக்கமாக ஒன்று. நிறுத்தும்போது தொந்தரவு தருவது வேறு, ஏங்கித் தேடி அளவைக் கூட்டிக்கொண்டே போகவைப்பது வேறு. முன்னதை மெல்லக் குறைத்துச் சமாளிக்கலாம். செர்ட்ரலினுக்காக ஊரில் மூன்று கடை ஏறி இறங்கியவரை நான் கேள்விப்பட்டதில்லை.

கடைசியாக, வெளியே சொல்லாத வாதம்: டாக்டரிடம் சொன்னால் போலீஸ் வரும். போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, போதைக்கு அடிமையாகி, சொந்தப் பயன்பாடோ சிறிய அளவோ சம்பந்தப்பட்ட வழக்கில் இருப்பவர் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால் தண்டனை நடவடிக்கையிலிருந்து பாதுகாப்பு தருகிறது. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, நோயாளி சொன்னதை ரகசியமாக வைக்கும்படி சிகிச்சை தருபவரைக் கட்டுப்படுத்துகிறது. நேரில் போகத் தயக்கமென்றால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். ஒரு நாளைக்கு எத்தனை மில்லி, கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு, எத்தனை மாதமாக: மாத்திரை மாற்றும் முன் டாக்டருக்குத் தெரிய வேண்டியவை இவை.